தல்லுல் கபீருக்கு முன்பே தோற்ற இராணுவம்

ஒராபி பாஷாவைப் பற்றி நான் முதன்முதலில் பேசியது எட்டாம் வகுப்பில், பாடசாலை மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில். பேச்சை எழுதித் தந்தவர் என் மூத்தாப்பா. தல்லுல் கபீர் யுத்தம் வரும் இடத்தில் அவருடைய குரலே மாறிவிடும். “காட்டிக் குடுத்துட்டானுகள் மகன். இங்கிலீசுக்காரன் காச வாங்கிக்கிட்டு வழியக் காட்டிட்டானுகள். ஸுபஹு நேரம், எல்லாரும் தொழுகையில நிக்கக்குள்ள வந்து வெட்டினான்” என்பார். நானும் அதை அப்படியே மேடையில் சொன்னேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. பிறகு நானே வரலாற்று ஆசிரியராகி, இருபது வருடத்துக்கு மேல் அதையே பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தேன்.

ஒருநாள் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: “சேர், காட்டிக் குடுத்தது ரெண்டு மூணு பேர்தானே. மிச்சம் இருபதினாயிரம் பேரும் என்ன செஞ்சாங்க?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது, தப்பித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் ஓய்வுபெற்ற பிறகு தேடிப் பார்த்தேன். தேடத் தேட, பதில் 1882 செப்டெம்பர் 13ஆம் திகதி அதிகாலையில் இல்லை என்று தெரிந்தது. அதற்கு முந்திய சமாதான காலத்தில், கணக்குப் புத்தகங்களிலும் சட்டப் பத்திரங்களிலும் பதவி உயர்வுப் பட்டியல்களிலும் அது இருந்தது.

ஒராபி பாஷாவை நாம் அறிந்திருப்பது கல்வித் தொண்டராக. சித்திலெப்பையோடும் வாப்பிச்சி மரிக்காரோடும் சேர்ந்து நின்றவர், 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யாவுக்கு, பின்னாளைய ஸாஹிராவுக்கு, ஊக்கம் தந்தவர், துருக்கித் தொப்பியை நம் தலையில் ஏற்றியவர். எல்லாம் சரி. ஆனால் இங்கே வந்து இறங்கும்போது அவர் தோற்றுப்போன ஓர் இராணுவத்தின் தளபதி. அந்த இராணுவம் என்ன மாதிரியானது என்று நம்மவர்கள் எழுதியது மிகக் குறைவு.

கதையை நாற்பது வருடம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

முஹம்மத் அலி பாஷா 1820களில் எகிப்தின் பல்லாஹீன்களை, அதாவது மண்ணைக் கிண்டிப் பிழைக்கும் விவசாயிகளை, கட்டாயமாகப் பிடித்துப் படையில் சேர்த்தார். ஜனங்கள் அதை எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், படைக்குப் போகாதிருக்கத் தங்கள் விரலை வெட்டிக்கொண்டார்கள், கண்ணைக் குருடாக்கிக்கொண்டார்கள். ஆனாலும் அந்தப் படை பயிற்றப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படைதான் 1832இல் கோன்யாவிலும் 1839இல் நிஸிப்பிலும் உஸ்மானிய சுல்தானின் படையையே முறியடித்தது. ஐரோப்பிய வல்லரசுகள் பயந்து தலையிட்டன. 1841இல் சுல்தானின் பர்மான் வந்தது: எகிப்தின் இராணுவம் சமாதான காலத்தில் 18,000 பேரைத் தாண்டக் கூடாது.

இந்த 18,000 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

ஒராபி பிறந்தது அந்தப் பர்மான் வந்த அதே 1841இல், ஸகாஸீக் நகருக்கு அண்மையில் ஒரு கிராமத்தில். தகப்பனார் ஊர் ஷெய்கு. பிள்ளையை அல் அஸ்ஹருக்கு அனுப்பினார். அப்போது ஆண்ட ஸஈத் பாஷா, ஊர் ஷெய்குமாரின் பிள்ளைகளும் படையில் சேர வேண்டும் என்று சட்டம் போட்டார். அதுவரை எகிப்திய இராணுவத்தில் பெரிய பதவி என்றால் துருக்கியருக்கும் சேர்க்கஸ்ஸியருக்கும்தான். மண்ணின் மைந்தர்களுக்குச் சிப்பாய் வேலையோடு சரி. ஸஈத் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார். பதினான்கு வயதில் சேர்ந்த ஒராபி இருபது வயதுக்குள் கைமகாம், நம் கணக்கில் லெப்டினன்ட் கேர்ணல், ஆகிவிட்டார். 1863இல் ஸஈத் மௌத்தானார், இஸ்மாயீல் வந்தார், கதவு மறுபடியும் மூடிக்கொண்டது. அடுத்த பதவி உயர்வு ஒராபிக்குக் கிடைத்தது 1879இல். பத்தொன்பது வருடம் ஒரே பதவியில்! அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். ஒருவர் படை நடத்தத் தெரிந்தவரா என்று பார்க்காமல் எந்த வீட்டில் பிறந்தவர் என்று பார்த்துப் பதவி கொடுக்கும் இராணுவம் சமாதானத்தில் பிரச்சினையில்லாமல்தான் ஓடும். அணிவகுப்புக்குச் சேர்க்கஸ்ஸியப் பாஷாமார் மிக அழகாக இருப்பார்கள்.

இஸ்மாயீல் பாஷா பணத்தைக் கொட்டாமல் இல்லை. அமெரிக்காவிலிருந்து றெமிங்டன் துப்பாக்கிகள், ஜெர்மனியிலிருந்து குருப் பீரங்கிகள் வந்தன. ஆட்களும் வந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த அதிகாரிகள் சுமார் ஐம்பது பேரைக் கூலிக்கு அமர்த்தினார். அவர்களின் தலைவர் சார்ள்ஸ் ஸ்டோன், எகிப்தியப் பொதுப் பணித்தலைமையின் தலைவரானார். வரைபடம் வரைந்தார்கள், சிப்பாய்களுக்கு எழுத்தறிவு கொடுக்கப் பாடசாலை வைத்தார்கள். பொருள், ஆள் எல்லாம் முதல்தரம். 1866, 1873 பர்மான்களால் 18,000 என்ற எல்லையும் போயிற்று.

பரீட்சை அபிசீனியாவில் வந்தது. 1875 நவம்பரில் குந்தெத் என்ற இடத்தில் ஒரு எகிப்தியப் படை அழிந்தது. பழிவாங்கப் போன பெரிய படை 1876 மார்ச்சில் குராவில் சிதறியது. பிரதம தளபதி ராத்திப் பாஷா ஒரு சேர்க்கஸ்ஸியர். அவருக்குப் பக்கத்தில் ஆலோசனைக்கு இருந்தவர் லோரிங் என்ற அமெரிக்கர். இவர் சொல்வதை அவர் கேட்கவில்லை, அவர் கட்டளையை இவர் மதிக்கவில்லை. கீழே இருந்த எகிப்திய அதிகாரிகள் இரண்டு பேரையும் வெறுத்தார்கள். ஒராபி அந்தப் போரில் போக்குவரத்துப் பிரிவில் இருந்தார். ஒட்டகமும் மூட்டையும் அவர் பொறுப்பு. தோற்றுப்போய் வந்தவர்களை அவர் கண்ணால் கண்டார். சேர்க்கஸ்ஸிய மேலதிகாரிகள் மீது அவருக்கு இருந்த கசப்பு அங்கேதான் முற்றியது.

தோற்ற இராணுவம் திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும்? ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். எகிப்துக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. குரா தோல்வி மார்ச்சில். ஏப்ரல் மாதம் நாடு வங்குரோத்து! கிட்டத்தட்ட 9 கோடி பவுண் கடன். மே மாதம் கடன் ஆணைக்குழு வந்து உட்கார்ந்தது. பின்னர் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் திறைசேரிச் சாவியைத் தங்கள் கையில் எடுத்தார்கள். அன்றிலிருந்து எகிப்திய இராணுவத்தின் அளவை, சம்பளத்தை, பயிற்சியைத் தீர்மானித்தவர்களின் மேசையில் எதிரியைப் பற்றிய ஒரு தாளும் இருக்கவில்லை. கடன் பத்திரம் வைத்திருந்த லண்டன், பாரிஸ்காரர்களுக்கு அடுத்த தவணை எப்போது கட்டுவது என்பதே அங்கே கேள்வி. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் 1878இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், ஸ்டோன் மட்டும் எஞ்சினார். ஒரு நாடு யோசிப்பதற்கென்று வைத்திருந்த பணித்தலைமை, சிக்கனத்தின் முதல் பலி.

பிறகுதான் பெரிய வெட்டு. 1879 பெப்ரவரியில் சுமார் 2,500 அதிகாரிகளை ஒரே அடியாக அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். மாதக்கணக்கில் நிலுவையாக இருந்த சம்பளத்தையும் கொடுக்கவில்லை. வெட்டுப்பட்டவர்களில் அபிசீனியாவில் உயிர் தப்பி வந்தவர்களும் இருந்தார்கள். பெப்ரவரி 18ஆம் திகதி அதிகாரிகள் கூட்டமாகப் போய்ப் பிரதமர் நூபார் பாஷாவையும் பிரித்தானிய நிதியமைச்சர் வில்சனையும் வண்டியிலிருந்து இழுத்து மடக்கினார்கள். இஸ்மாயீல் பாஷா தானே வந்து விலக்கிவிட்டார். மறுநாள் நூபார் போனார். நிலுவைச் சம்பளத்துக்கு வழி பிறந்தது.

என் பார்வையில் தல்லுல் கபீரின் தோல்வியில் பாதி அன்று எழுதப்பட்டுவிட்டது. அதிகாரிகள் தங்கள் வாழ்நாளில் கற்ற மிகப் பயனுள்ள பாடம் அன்று கிடைத்தது. பத்து வருடம் ஒழுங்காக அணிவகுத்தும் கிடைக்காதது, ஒரு காலைப்பொழுது தெருவில் இறங்கியதும் கிடைத்தது. பட்டினி போட்ட இராணுவம் முதலில் கற்றுக்கொள்வது சண்டை அல்ல, அரசியல். அதில் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கும்போது வெளியில் நிற்கும் எதிரியை யார் நினைப்பார்?

அந்த வருடம் ஜூனில் இஸ்மாயீல் பதவியிறக்கப்பட்டு மகன் தவ்ஃபீக் கெதீவ் ஆனார். சுல்தான் கொடுத்த பதவிப் பர்மானில் பழைய எண் திரும்பி வந்தது: 18,000. நடைமுறையில் கடன்காரர் அதற்கும் பணம் தரவில்லை. இராணுவம் சுமார் 12,000க்கு இறங்கியது. சிப்பாய்களை வாய்க்கால் வெட்டவும் பண்ணை வேலைக்கும் கூலிபோல அனுப்புவது அப்போதைய பெரிய முறைப்பாடுகளில் ஒன்று. மண்வெட்டி பிடித்த நாளில் துப்பாக்கி பிடிக்க முடியாது என்பது தெரிந்த விசயம்தான்.

1880இல் யுத்த அமைச்சர் உஸ்மான் ரிஃப்கி, இவரும் சேர்க்கஸ்ஸியர், ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனிச் சிப்பாய் சேவை நான்கு வருடம்தான். கேட்கும்போது நல்லதாகத் தெரியும். ஏழை விவசாயி ஆயுள் முழுக்கப் படையில் கிடக்கத் தேவையில்லையே! புருசியாவிலும் குறுகிய சேவைதான், அந்தப் புருசியாதான் 1870இல் பிரான்சைத் தூக்கி அடித்தது. ஆனால் புருசியாவில் மூன்று வருடம் என்பது மூன்று வருடமும் கடும் பயிற்சி, பிறகு வருடாவருடம் அழைத்துப் புதுப்பிக்கும் சேமப்படை. எகிப்தில் பயிற்சிக்கும் பணமில்லை, சேமப்படையைக் கூப்பிட்டுப் பழக்கவும் பணமில்லை. நான்கு வருடத்தில் வெளியே போகும் சிப்பாய் ஒருநாளும் அதிகாரியாக வர முடியாது என்பதே அந்தச் சட்டத்தின் உண்மையான பயன். ஸஈத் பாஷா திறந்த கதவுக்கு இவர் பூட்டுப் போட்டார். கூடவே அனுபவமுள்ள பழைய சிப்பாய்கள், எந்தப் படைக்கும் முதுகெலும்பான சார்ஜன்ட்மார், வெளியே போகும் வழியும் திறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். 1881 ஜனவரியில் ஒராபி, அலி ஃபஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய மூன்று கேர்ணல்கள் மனுக் கொடுத்தார்கள். கல்யாண ஊர்வல ஏற்பாடு என்று பொய் சொல்லி அவர்களைக் கஸ்ருந் நீல் முகாமுக்கு அழைத்துக் கைது செய்தார்கள். முஹம்மத் உபைத் என்ற அதிகாரி தன் சிப்பாய்களோடு வந்து கதவை உடைத்து மீட்டார். உஸ்மான் ரிஃப்கி போனார், கவிஞர் மஹ்மூத் ஸாமி அல் பாரூதி யுத்த அமைச்சரானார். செப்டெம்பர் 9ஆம் திகதி ஆபிதீன் அரண்மனைச் சதுக்கத்தில் படையை நிறுத்தி மூன்று கோரிக்கை வைத்தார் ஒராபி: பிரதமர் ரியாழ் பாஷா போக வேண்டும், மக்கள் சபை கூட வேண்டும், இராணுவத்தை 18,000 ஆக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கையை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. முதல் இரண்டும் கேட்க இனிப்பானவை. ஒரு படைவீரனாக அவர் கேட்டது மூன்றாவதைத்தான்.

இங்கே நான் ஒராபி பாஷாவின் பக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. மூத்தாப்பா இருந்தால் கோபிப்பார்.

கஸ்ருந் நீல் சம்பவத்திலிருந்து அலெக்சாந்திரியாவில் முதல் குண்டு விழும் வரை பதினேழு மாதம். அந்தப் பதினேழு மாதமும் எகிப்தின் திறமையான கேர்ணல்களின் நேரம் எங்கே போனது? கூட்டங்களில், மனுக்களில், சத்தியப்பிரமாணங்களில், விருந்துகளில், பத்திரிகையாளரைச் சந்திப்பதில். 1882 பெப்ரவரியில் ஒராபியே யுத்த அமைச்சரானார். உடனே நடந்தது பதவி உயர்வு. பத்தொன்பது வருட அநியாயத்தைச் சில மாதத்தில் சரிக்கட்டப் பார்த்தார்கள். துருக்கிய, சேர்க்கஸ்ஸிய அதிகாரிகள் ஓய்வில் அனுப்பப்பட்டார்கள், சுதேசிகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஏப்ரலில் சேர்க்கஸ்ஸியர் கொலைச்சதி என்று சுமார் நாற்பது பேருக்கு இராணுவ நீதிமன்ற விசாரணை. நீதி என்று பார்த்தால் பதவி உயர்வுகளில் பெரும்பகுதி நியாயமானவை. ஆனால் போர் வாசலில் நிற்கும்போது தளபதிகள் பலர் தங்கள் புதுப் பதவிக்குச் சில மாதமே பழகியவர்கள். முதலில் பரம்பரை பார்த்துப் பதவி கொடுத்தார்கள். பிறகு விசுவாசம் பார்த்துக் கொடுத்தார்கள். யார் இரவில் ஒரு படையணியை நடத்திச் செல்லத் தெரிந்தவர் என்ற கேள்வியை இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

இன்னொரு விசயம். ஆபிதீன் நிகழ்ச்சிக்குப் பிறகு பிரதமரான ஷரீஃப் பாஷா, தலைநகரில் இந்தப் படையணிகளை வைத்திருக்கப் பயந்தார். அப்துல் ஆலின் சூடானியப் படையணியை வடக்கே தூரத்தில் தமியாத்துக்கு அனுப்பினார். ஒராபியின் படையணியைக் கிழக்கே, தல்லுல் கபீர் இருக்கும் அதே வாதிப் பகுதிக்கு அனுப்பினார். எதிரி எங்கிருந்து வருவான் என்று பார்த்துச் செய்த ஏற்பாடல்ல அது. அரண்மனைக்கு யார் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பார்த்துச் செய்தது. அடுத்த வருடம் போர் வந்தபோதும் அப்துல் ஆல் தமியாத்திலேயே இருந்தார். எகிப்தின் மிக உறுதியான சிப்பாய்கள் என்று எதிரியே ஒப்புக்கொண்ட சூடானியரில் ஒரு பகுதி, ஒரு வெடியும் வைக்காமல், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் சரணடைந்தது.

இனிப் போர்.

1882 ஜூலை 11. அட்மிரல் சீமோரின் எட்டு இரும்புக் கப்பல்கள் அலெக்சாந்திரியாக் கோட்டைகளை ஒரு முழுப் பகலும் அடித்தன. கோட்டைகளில் பீரங்கி இல்லாமல் இல்லை. இருந்தவற்றில் பெரும்பாலானவை முஹம்மத் அலி காலத்துப் பாணிப் பழைய குண்டுப் பீரங்கிகள். கப்பல் கவசத்தைத் துளைக்கக்கூடிய நவீனமானவை சில டசின்தான். இஸ்மாயீல் காலத்தில் வாங்கிக் கொண்டுவந்ததில் சில, பீடத்தில் ஏற்றப்படாமலே மண்ணில் கிடந்தன. வாங்கும் பணம் ஒரு தலைப்பில் வரும், ஏற்றும் பணம் வேறு தலைப்பில் வரும். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். பீரங்கிக்காரர்கள் கடைசிவரை நின்றார்கள் என்று பிரித்தானியரே எழுதினார்கள். பிரித்தானியர் பக்கம் அன்று இறந்தவர்கள் ஐந்து பேர்.

பிறகு கஃப்ருத் தவ்வார். அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ போகும் வழியில் ஒராபியின் ஆட்கள் மண் அரண் போட்டார்கள். அங்கே ஐந்து வாரம் பிரித்தானியரால் ஒரு அடியும் முன்னேற முடியவில்லை. ஆகவே எகிப்தியச் சிப்பாய்க்கு வீரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். யோசித்துப் போட்ட அரண், பழகிய படையணி, பகல் வெளிச்சம் மூன்றும் இருந்தால் அவன் நின்றான். அங்கே நடந்த வேலையில் பெரும் பங்கு ஒரு பொறியியலாளருக்கு உரியது: மஹ்மூத் ஃபஹ்மி பாஷா.

வூல்ஸ்லி இதைப் பார்த்துத்தான் வழியை மாற்றினார். சுவெஸ் கால்வாய் வழியாக இஸ்மாயிலிய்யாவில் ஆகஸ்ட் 20ஆம் திகதியை ஒட்டி இறங்கினார். கால்வாயை மூடிவிட வேண்டும் என்று எகிப்தியத் தளபதிகள் வற்புறுத்தினார்கள். டி லெசெப்ஸ், பிரித்தானியர் கால்வாயைத் தொடமாட்டார்கள் என்று ஒராபிக்கு வாக்குக் கொடுத்தார். ஒராபி நம்பினார். இது அவருடைய சொந்தப் பிழை. இதற்குக் கடனும் காரணமில்லை, சேர்க்கஸ்ஸியரும் காரணமில்லை.

கிழக்கு முனையில் அரண் போட மஹ்மூத் ஃபஹ்மி வந்தார். வந்த சில நாளில், ஆகஸ்ட் 25ஐ ஒட்டி, முன்னணியில் நிலத்தைப் பார்க்கப் போன இடத்தில் பிரித்தானியர் கையில் அகப்பட்டார். ஒரு மனிதர் பிடிபட்டார், எகிப்தின் கிழக்கு அரண் நின்றுபோயிற்று. அவருடைய இடத்தை எடுக்க இன்னொருவர் இருக்கவில்லை. பணித்தலைமை என்ற ஒன்று இயங்கியிருந்தால் அங்கே பத்து மஹ்மூத் ஃபஹ்மிகள் இருந்திருப்பார்கள். 1878இல் மிச்சம்பிடித்த பணம் எவ்வளவோ, அதன் விலை இங்கே தெரிந்தது. தல்லுல் கபீர் அரண் கால்வாய்ப் பக்கத்தில் உறுதியாக இருந்தது, வடக்கே போகப்போகப் பாதி வேலையோடு நின்றது.

அந்த அரணுக்குப் பின்னால் சுமார் இருபதினாயிரம் பேர், அறுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள். ஆனால் இருபதினாயிரத்தில் எத்தனை பேர் படைவீரர்? போர் தொடங்கியதும் கிராமங்களில் இருந்து அள்ளி வந்த விவசாயிகள் ஏராளம். கையில் கொடுத்த றெமிங்டன், உலகில் அப்போது இருந்த நல்ல துப்பாக்கிகளில் ஒன்று. அதைத் தோளில் வைத்துக் குறிபார்த்துச் சுடப் பழக்க அவகாசம் சில வாரம்தான். அவர்களின் சூடு பெரும்பாலும் தலைக்கு மேலால் போனது என்று எதிர்ப்பக்கத்தார் எழுதியிருக்கிறார்கள். குறி பழகாதவன் பதற்றத்தில் சுட்டால் அப்படித்தான் போகும். பீரங்கிக்காரர்களோ நன்றாகவே குறி வைத்தார்கள். ஆனால் குண்டுகள் மணலில் புதைந்து, வெடித்தும் சேதமில்லாமல் போயின. பாலைவன மணலில் எந்தத் திரி பயன்படும் என்பதைச் சமாதான காலத்தில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வூல்ஸ்லி தாக்குவதற்கு முன் சில நாள் அதிகாலையில் தானே போய் தூரக்கண்ணாடியால் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: எகிப்தியக் காவலர்கள் இரவில் அரணுக்கு வெளியே நிற்பதில்லை. பொழுது புலர்ந்த பிறகுதான் வெளியே வருகிறார்கள். கெய்ரோ முகாமில் பழகிய பழக்கம். இரவில் காவலனை வெளியே நிறுத்துவதும், அவனை மாற்றுவதும், சோதிப்பதும் சும்மா கட்டளை போட்டால் நடக்காது, பல மாதம் பழக வேண்டும். அவர் முடிவெடுத்தார்: இருட்டில் நடந்து, விடியுமுன் சுவரில் இருக்க வேண்டும்.

செப்டெம்பர் 12ஆம் திகதி இரவு பதின்மூவாயிரம் பேர் நட்சத்திரத்தைப் பார்த்து, பேச்சு மூச்சில்லாமல், பாலைவனத்தில் நடந்தார்கள். அரணுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் முன்னால் எகிப்தியருக்கு ஒரு தனிக் கொத்தளம் இருந்தது. பிரித்தானியருக்கு அது தெரியவே தெரியாது. நடையில் ஏற்பட்ட சிறு விலகலால் அதன் பக்கத்தால் கடந்து போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மூத்தாப்பா சொன்ன கதையில் காட்டிக் கொடுத்தவன் வழிகாட்டி வந்திருந்தால் இந்தக் கொத்தளத்தைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டானா?

ஐந்து மணி ஆக முன்பே முதல் வெடி. ஸுபஹு நேரம்தான், அந்தப் பகுதி மூத்தாப்பா சொன்னபடியே. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரித்தானியர் பக்கம் மௌத்து 57. எகிப்தியர் பக்கம் சுமார் 2,000. ஓடியவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓடாதவர்களையும் எழுத வேண்டும். சூடானியச் சிப்பாய்களும் பீரங்கிக்காரர்களும் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். கஸ்ருந் நீலில் கதவை உடைத்த முஹம்மத் உபைதும் அங்கேதான் ஷஹீதானார். நின்றவர்கள் எல்லாரும் பழகிய படைக்காரர்கள் என்பதைப் பின்வரிசைப் பிள்ளைக்கு இப்போது சொல்ல விரும்புகிறேன். மிச்சப்பேருக்கு எப்படி நிற்பது என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, மகன்.

துரோகம் நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கெதீவ் தவ்ஃபீக் எதிரியின் பாதுகாப்பில் இருந்தார். சுல்தான் பாஷா போன்ற பெரிய நிலவுடைமைக்காரர் அவர் பக்கம். பதவிகளுக்குள் பிரித்தானியத் தங்கம் இறங்கியது. உஸ்மானிய சுல்தான், போருக்குச் சரியாக ஒரு வாரம் முன், ஒராபியைக் கிளர்ச்சிக்காரர் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு அச்சிட்ட பத்திரிகைகள் முகாமுக்குள்ளேயே வந்தன. கலீபாவின் பெயரால் சண்டையிடுகிறோம் என்று நம்பிய சிப்பாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் துரோகக் கதை எல்லாருக்கும் வசதியான கதை. இரண்டு மூன்று பெயரைச் சபித்துவிட்டால், பதினாறு வருடம் பதவி கொடுக்காத இஸ்மாயீல், சம்பளம் கொடுக்காத கடன் ஆணைக்குழு, இராணுவத்துக்குப் பயந்து அதைப் பிரித்துப்போட்ட ஷரீஃப், பதினேழு மாதத்தை அரசியலில் கழித்த நம் பாஷா எல்லாரும் தப்பிவிடுகிறார்கள். மூத்தாப்பாவுக்கு நான் கொடுக்க வேண்டிய கடன் ஒன்றிருந்தால், அவர் நேசித்த மனிதரைப் பிழையோடும் நேசிக்கலாம் என்று சொல்வதுதான்.

செப்டெம்பர் 19ஆம் திகதி தவ்ஃபீக் ஒரு கட்டளையில் கையெழுத்திட்டார்: எகிப்திய இராணுவம் கலைக்கப்பட்டது. கடன்காரரின் சிக்கனம் அன்று பூரணமாயிற்று. பிறகு பிரித்தானிய அதிகாரி ஈவ்லின் வுட்டின் கீழ் 6,000 பேர் கொண்ட புதுப் படை எழுந்தது. பழையவர்களை என்ன செய்வது? ஆயிரக்கணக்கில் பிடித்து, பலரைச் சங்கிலியிட்டு, சூடானில் மஹ்தியின் படையை எதிர்க்க ஹிக்ஸ் என்ற தளபதியின் கீழ் அனுப்பினார்கள். 1883 நவம்பர் 5ஆம் திகதி ஷைக்கானில் அந்தப் படை சுமார் பத்தாயிரம் பேரோடு அழிந்தது. உயிர் தப்பியவர்கள் சில நூறு பேர் மட்டுமே.

அந்தச் செய்தி கொழும்புக்கு வந்தபோது ஒராபியும் தோழர்கள் ஆறு பேரும் இங்கே வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. 1883 ஜனவரியில் அவர்கள் இறங்கியபோது சித்திலெப்பையின் முஸ்லிம் நேசன் தொடங்கி மூன்று வாரம்தான். பாரூதி இங்கிருந்து கவிதை எழுதினார். அப்துல் ஆல், தமியாத்தில் ஒரு வெடியும் வைக்காத அந்த அப்துல் ஆல், 1891இல் கொழும்பில் மௌத்தானார். யஃகூப் ஸாமி 1900இல் கண்டியில். ஒராபி 1901இல்தான் ஊர் திரும்பினார்.

மஹ்மூத் ஃபஹ்மி திரும்பவில்லை. பிடிபட்ட நாளிலிருந்து பாதியில் நின்ற அரணை அவர் மறந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இலங்கையில் இருந்த காலத்தில் அவர் உலக வரலாற்றைப் பல பாகமாக எழுதினார், அரசர்களும் படைகளும் எழுந்ததும் விழுந்ததும். 1894இல் கண்டியில் மௌத்தானார். எகிப்தில் அவர் நூல் அச்சேறியபோது அதைத் திறந்து பார்க்க அவர் இருக்கவில்லை.